பக்கத்து மேசைக்குப் போக நாலே முக்கால் மணி நேரம்!

ஆபீஸுக்குள்ளேயே ஃபைல் நகர மறுக்கிறதா? பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் போடும் முன் திரையில் ஓடும் எண்ணைப் பாருங்கள். பழுது எங்கே இருக்கிறது என்று பாதிக்கு மேல் அதுவே சொல்லிவிடும்.

முகூர்த்த மாதத்தில் ஓரளவு பெயர் வாங்கிய எந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ரிசப்ஷன், முகூர்த்தம், கேண்டிட், ட்ரோன் என்று நாலைந்து கேமராவின் மெமரி கார்டுகள் முன்னறைக் கம்ப்யூட்டரில் இறங்குகின்றன. மொத்தம் 200 ஜிபி. எடிட்டிங் பார்ப்பவர் உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஒரு சுவர், ஒரு சுவிட்ச், கொஞ்சம் நீல கேபிள். ஷேர் செய்த ஃபோல்டரைத் திறந்து, காப்பி எடுத்து, பேஸ்ட் கொடுத்தால் பச்சைப் பட்டை ஒரு நூல் அளவு முன்னேறிவிட்டு நிற்கிறது. மீதி நேரம் நாலே முக்கால் மணி என்று விண்டோஸ் அறிவிக்கிறது. எடிட்டர் டீ குடிக்கப் போய்விடுகிறார்.

முதலாளி செய்யும் முதல் காரியம் பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் போட்டு, “நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு” என்பது. அவர்களும் மறுப்பதில்லை. 100 பிளானை 300 ஆக்கச் சொல்கிறார்கள். மாதா மாதம் கூடுதல் பணம் போகிறது. ஃபைல் அதே நாலே முக்கால் மணி நேரத்தில் போகிறது.

போகத்தான் செய்யும். அந்த 200 ஜிபி கட்டடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதே இல்லை. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே தெருவிலிருந்து வரும் ஃபைபர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பச்சைப் பட்டை அதுபாட்டுக்கு ஓடும். இன்டர்நெட் வேறு, ஆபீஸுக்குள் இருக்கும் நெட்வொர்க் வேறு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்வதால் இரண்டையும் ‘நெட்’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அதனால் ஒன்றின் நோய்க்கு இன்னொன்றுக்கு வைத்தியம் பார்க்கிறோம்.

கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக வேகம் தானாக வந்துவிடாது. இதற்குப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இடையில் 400 கஜம்தான், காலாற நடந்தால் ஐந்து நிமிடம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போனது, எண்ணூறில் ஒரு பங்கு. வான் ஜேக்கப்சன், மைக் கேரல்ஸ் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். பாதையில் நெரிசல் வந்து, தரவைச் சுமந்து போகும் சில பொட்டலங்கள் (பாக்கெட்) தொலைந்ததும், அனுப்பிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் பொறுமையில்லாமல் அவற்றை மறுபடி மறுபடி அனுப்பியிருக்கின்றன. அந்த மறுபதிப்புகளே நெரிசலைக் கூட்டியிருக்கின்றன. முதலில் மெதுவாக ஆரம்பி, பதில் வரவரக் கூட்டு, ஒன்று தொலைந்தால் உடனே குறை என்று அவர்கள் எழுதிய விதிகள் 1988-இல் ஜேக்கப்சனின் கட்டுரையாக வெளிவந்தன. இன்று உங்கள் கைபேசி தரவு அனுப்பும் முறை அந்த விதிகளின் வாரிசுதான்.

எனக்கு அதில் பிடித்தது, அவர்கள் பெரிய லைன் கேட்கவில்லை என்பது. என்ன போகிறது, எத்தனை போகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. நமக்குத் தேவையான எண் காப்பி விண்டோவிலேயே இருக்கிறது. ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்தினால் நொடிக்கு எத்தனை எம்பி போகிறது என்று விரிவாக வரும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கூடவே ஒரு வரைபடமும் ஓடுகிறது.

எட்டால் வகுக்க வேண்டிய கணக்கு

அந்த எண்ணைப் படிக்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். கேபிள், சுவிட்ச், ரௌட்டர் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்திருப்பதெல்லாம் பிட் கணக்கு. ஃபைல் அளவும் காப்பி வேகமும் பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக ‘1000’ என்று எழுதிய கிகாபிட் நெட்வொர்க்கின் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட். அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு எண், அடுத்ததற்கு முன் சிறு இடைவெளி என்று கூலி உண்டு. கேபிளில் 1538 பைட் ஓடினால் அதில் நம் ஃபைலின் சரக்கு 1460 பைட். கூலி போக 118 சொச்சம் மிஞ்சும். விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1024-ஐ வைத்து எண்ணுவதால் அது திரையில் 112, 113 என்று தெரியும்.

காப்பி விண்டோவில் 110-க்கு மேல் நிற்கிறதா? உங்கள் கிகாபிட் நெட்வொர்க் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது, அதைக் குறை சொல்லாதீர்கள். நம் ஸ்டுடியோவின் 200 ஜிபி அந்த வேகத்தில் அரை மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

நாலே முக்கால் மணி என்று வந்தது என்றால் வேகம் 11 சொச்சம். சரியாகப் பத்தில் ஒரு பங்கு. இப்படி உருண்டையாகப் பத்தில் ஒரு பங்காக விழுவது தற்செயலாக நடக்காது.

11 என்று நின்றால் கேபிளைப் பிடியுங்கள்

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு ஒயர். இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 1995-இல் தரப்படுத்தப்பட்ட 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடி போதும். வழக்கமான வரிசையில் கனெக்டரை அழுத்திப் பொருத்திய, அதாவது கிரிம்ப் செய்த கேபிளில் அது ஆரஞ்சும் பச்சையும். 1999-இல் வந்த கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும், பின்னில் சரியாக உட்காராமல் இருந்தாலும், எலி ருசி பார்த்திருந்தாலும், கிகாபிட் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகள் அப்போது சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. விளக்கு எரியும், ஷேர் ஃபோல்டர் திறக்கும், யூடியூப்கூட ஓடும். அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகமே வராது.

கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ஈதர்நெட்டைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீடு’ என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் சரி. 100/100 என்று இருந்தால் பிடித்துவிட்டீர்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் 100-இல் இருந்தாலும் காப்பி 11-ஐத் தாண்டாது. சரியாக ஓடும் இன்னொரு மேசையின் கேபிளைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். 1000-க்கு ஏறினால் பழைய கேபிளின் இரண்டு முனையையும் வெட்டிப் புதுசாகக் கிரிம்ப் செய்தால் வேலை முடிந்தது. கனெக்டரின் விலை டீ விலைதான்.

கிரிம்பிங்கில் ஒரு திருட்டுத்தனமான பிழை உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்களே பலர் இதில் ஏமாந்திருப்பார்கள். எட்டு ஒயரையும் ஜோடி ஜோடியாக ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று அழகாக அடுக்கி, இரண்டு முனையிலும் அதே வரிசையில் வைத்துவிடுவார்கள். ஒன்றாம் பின்னிலிருந்து ஒன்றாம் பின்னுக்கு, எட்டிலிருந்து எட்டுக்கு ஒழுங்காக இணைப்பு இருக்கும். கையடக்க டெஸ்டரில் மாட்டினால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். “கேபிள் ஓகே சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கேபிள் ஓகே இல்லை. மூன்றாம் பின்னும் ஆறாம் பின்னும் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் சரியான வரிசையில் பச்சையின் இரண்டு ஒயரும் பிரிந்து, நடுவில் நீல ஜோடி வந்து உட்காரும். முறுக்கிய ஜோடியில் ஒரு ஒயரில் ஏறும் வெளி இரைச்சல் மற்றதிலும் ஏறிக் கழிந்துவிடும், முறுக்கின் பயனே அதுதான். மேலே சொன்ன ‘அழகான’ அடுக்கில் மூன்றாம் பின் பச்சையில் இருக்கும், ஆறாம் பின் நீலத்தில் இருக்கும். இரைச்சல் கழியாது, ஒரு ஜோடியின் பேச்சு இன்னொன்றில் கேட்கும். கேபிள் இரண்டு மீட்டர் என்றால் எப்படியோ ஓடிவிடும். முப்பது மீட்டர் என்றால் பொட்டலங்கள் கெட்டுப்போகும், மறுபடி அனுப்ப வேண்டிவரும், வேகம் ஏறி இறங்கித் தள்ளாடும். விளக்கு டெஸ்டருக்கு மின்சாரம் போகிறதா என்பது மட்டுமே தெரியும், இது தெரியாது. கனெக்டரின் கண்ணாடி மூக்கு வழியாக நிற வரிசையைக் கண்ணால் பார்ப்பதுதான் சிக்கனமான சோதனை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

கேபிளின் உலோகத்தையும் விசாரியுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் பெட்டிகளில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசியவை. கேட்-5இ, கேட்-6 தரங்கள் முழுச் செம்பையே கேட்கின்றன. முலாம் கம்பியில் மின்தடை அதிகம். வளைத்தால் சீக்கிரம் முறியும். கண்காணிப்புக் கேமராவுக்கு கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் இடங்களில் சூடாகவும் ஆகும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு வகையும் கிடைக்கும். கேட்டு வாங்குகிறவருக்கு முழுச் செம்பும் கிடைக்கும்.

கேபிள் சரியாக இருந்தும் 100/100 மாறவில்லையா? நடுவில் நிற்கும் பெட்டியைப் பாருங்கள். ஃபைபர் கம்பெனி மாட்டிவிட்டுப் போகும் சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. மேசை மேல் இருக்கும் ஐபி போனின் முதுகு வழியாகக் கம்ப்யூட்டருக்கு இணைப்பு எடுத்திருந்தால், அந்த போன் பழசு என்றால் அங்கேயே 100-க்கு இறங்கிவிடும். பத்து வருடத்துக்கு முன் வாங்கி, மறைவில் தூசிக்குள் மினுக்கிக்கொண்டிருக்கும் குட்டி சுவிட்சை எல்லோரும் மறந்திருப்பார்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயில் எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் வாங்க முடிகிற காலத்தில் அதைக் காப்பாற்றி வைத்திருப்பதில் எந்த சிக்கனமும் இல்லை.

11-க்கும் கீழே, கேபி கணக்கில் ஊர்ந்தால் அது வேறு நோய். பழைய சாதனங்களில் யாரோ ஒரு மகானுபாவர் “வேகமாக்குகிறேன்” என்று அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் போய், ‘ஆட்டோ’ என்று இருந்ததை ‘100 ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று கையால் பூட்டி வைத்திருப்பார். மறுமுனை இன்னும் ஆட்டோவில் இருக்கும். எதிராளி பேச்சுவார்த்தைக்கு வராவிட்டால் ‘ஹாஃப்’ என்று வைத்துக்கொள் என்பது அதற்கு விதிக்கப்பட்ட சட்டம். இப்போது ஒரு முனை பேசிக்கொண்டே கேட்கும். மறுமுனையோ, தான் பேசும்போது எதிர்ச்சத்தம் கேட்டால் மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும். பிங் போட்டால் எல்லாம் சுபம், ஒரு நேரத்தில் ஒரு சின்னப் பொட்டலம்தானே? பெரிய ஃபைல் போட்டால் மட்டும் படுத்துவிடும். இரு முனையிலும் ஆட்டோ என்று வைத்துவிட்டு வெளியே வாருங்கள். நவீன சாதனங்களில் அந்த செட்டிங்கைத் தொடவே தேவையில்லை.

சாலை சரி, கிடங்கு?

லிங்க் ஸ்பீடு 1000 என்கிறது, காப்பியோ 30, 35 என்கிறது. இங்கே நெட்வொர்க்கை நோண்டி நேரத்தை வீணாக்குகிறவர்கள் அதிகம். ஃபைல் ஒரு டிஸ்க்கிலிருந்து கிளம்பி இன்னொரு டிஸ்க்கில் இறங்குகிறது. இரண்டில் மெதுவானது எதுவோ அதன் வேகமே மொத்த வேகம். 30-க்கும் 40-க்கும் நடுவே நின்றால் எங்கோ ஒரு யூஎஸ்பி 2.0 ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதன் அட்டைப்பெட்டி வேகம் 480 மெகாபிட், கையில் கிடைப்பது அவ்வளவுதான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கறுப்புத் துளையில் குத்தியிருப்பார்கள், பக்கத்திலேயே வேகமான நீலத் துளை சும்மா இருக்கும். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லாமல் மாட்டிய யூஎஸ்பி அடாப்டரும் இதே குற்றவாளியாக இருக்கலாம்.

சாலையைத் தனியாக, கிடங்கைத் தனியாக அளக்க ஒரு இலவசக் கருவி உண்டு: ஐபெர்ஃப்3. ஒரு கம்ப்யூட்டரில் அதை சர்வராகவும் மற்றதில் கிளையன்டாகவும் ஓட்டினால், டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்பிப் பார்க்கும். 940 மெகாபிட்டை ஒட்டி வந்தால் கேபிள், சுவிட்ச், கார்டு மூன்றும் நிரபராதிகள். 94 வந்தால் எங்கோ 100-இல் மாட்டியிருக்கிறது. நெட்வொர்க் பழுது பார்க்க வருகிறவரிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். இதைச் செய்யாமலே “சுவிட்ச் மாத்தணும் சார்” என்று ஆரம்பிப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

வரைபடத்தின் வடிவமும் பேசும். முதல் சில நொடி 110-இல் சமதளமாக ஓடி, பிறகு செங்குத்தாக 20, 30-க்கு விழுந்தால், ஆரம்ப வேகம் பொய். வந்த தரவை வாங்கியவர் நினைவகத்தில் பதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அது நிரம்பியதும் டிஸ்க்கின் உண்மை முகம் வெளியே வந்துவிட்டது. விலை குறைந்த எஸ்எஸ்டிகளிலும் இதே கதை. உள்ளே இருக்கும் வேகமான சிறு பகுதி நிரம்பும்வரை பறக்கும், நிரம்பியபின் சில நேரம் ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாக நகரும்.

ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு வகை உண்டு, எஸ்எம்ஆர் என்பார்கள். தட்டில் எழுதும் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியபடி நெருக்கி, அதே தட்டில் அதிகம் அடைப்பது இதன் உத்தி. படிக்கத் தொல்லையில்லை. ஆனால் ஒரு தடத்தை மாற்றி எழுதினால் அடுத்த தடமும் கெடும், ஆகவே ஒரு பட்டையையே எடுத்து மறுபடி எழுத வேண்டும். தொடர்ந்து 200 ஜிபியை அதன் தலையில் கொட்டினால் திணறும். 2020 ஏப்ரலில் இது பெரிய சர்ச்சையாக வெடித்தது. நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் அப்போதுதான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கு முன் பெட்டியின் மேல் அது எழுதப்பட்டிருக்கவில்லை. இன்று தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையை ‘ரெட் பிளஸ்’ என்று தனியாகப் பிரித்து விற்கிறார்கள். வாங்கும்போது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு நெல்லாக எண்ணிக் கொடுத்தால்

4 ஜிபி வீடியோ ஒன்று நாற்பது நொடிக்குள் போகிறது. அதே 4 ஜிபிக்குச் சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைந்த ஃபோல்டர் என்றால் கால் மணி நேரம் ஆகியும் முடியவில்லை. இதில் பழுதே இல்லை. நெல்லை மூட்டையாகத் தூக்கிக் கொடுப்பதற்கும், ஒவ்வொரு மணியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ரசீது போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஷேர் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலை வைக்கும்போது, இந்தப் பெயரில் திற, இதை எழுது, தேதியைப் போடு, மூடு என்று வரிசையாகக் கோரிக்கை போகும், ஒவ்வொன்றுக்கும் பதில் வர வேண்டும். ஃபைலுக்கு 5 மில்லி நொடி என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், 50,000 ஃபைலுக்கு 250 நொடி. அவை தலா 20 கேபி என்றால் மொத்தமே 1 ஜிபிதான். அது ஒரே ஃபைலாக இருந்தால் ஒன்பது நொடியில் போயிருக்கும்.

இதற்கு நடுவே ஆன்டிவைரஸ் வேறு, வரும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடும். காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ்’ என்ற பெயர் உச்சத்தில் நின்றால் நேரம் அங்கே போகிறது என்று அர்த்தம்.

வழி இருக்கிறது. அனுப்பும் கம்ப்யூட்டரிலேயே ஃபோல்டரை ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பலாம். ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக் படங்கள் என்றால் சுருக்காமல் வெறுமனே கட்டினால் போதும். அல்லது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையை ‘எம்டி’ என்ற சேர்க்கையோடு ஓட்டலாம். ஒரே நேரத்தில் எட்டு ஃபைலை அனுப்பும், 128 வரை கூட்டலாம். எஸ்எஸ்டி இருந்தால் கூட்டுங்கள். ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில் கூட்டினால் அதன் ஊசி அங்குமிங்கும் அலைந்தே களைத்துவிடும்.

மென்பொருளே வில்லனாவதும் உண்டு. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்த புதிதில் ஒரு விசித்திரமான புகார் கிளம்பியது: பாட்டு கேட்டால் நெட்வொர்க் படுத்துவிடுகிறது. பாட்டுக்கும் ஃபைல் காப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. சம்பந்தம் இருந்தது. மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் அந்த ஆகஸ்டில் அதை விளக்கி எழுதினார். பாட்டு தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக, ஆடியோ ஓடும் நேரத்தில் மில்லி நொடிக்குப் பத்துப் பொட்டலத்துக்கு மேல் நெட்வொர்க்கை அனுமதிக்காதே என்று ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். நொடிக்குப் பத்தாயிரம் பொட்டலம், பொட்டலத்துக்கு 1500 பைட், ஆக நொடிக்கு 15 மெகாபைட். 100 மெகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு எட்டாயிரம் சொச்சம் பொட்டலம்தான் ஓட முடியும் என்பதால், அங்கே இந்தப் பூட்டு கண்ணிலேயே படவில்லை. கிகாபிட் வைத்திருந்தவர்கள் மட்டும் 15-இல் முட்டி நின்றார்கள். இப்படி ஒரு எண்ணில் போய் வேகம் வெட்டியது போல நின்றால் யாரோ எங்கோ அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் இன்னொன்று. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு (ஹோம் வகை நீங்கலாக), ஷேர் ஃபோல்டருக்குப் போகும் ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்று இயல்பாகவே வற்புறுத்துகிறது. நடுவில் புகுந்து யாரும் செய்தியை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு. புதிய கம்ப்யூட்டருக்கு அது சுமையில்லை. பழைய, நோஞ்சான் பிராசஸர் கொண்ட சேமிப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் கையொப்பம் கணக்கிட்டே மூச்சு வாங்கும். பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ ஷேர்கள் திறக்காமலே போவதும் இதனால்தான். கையொப்பத்தை அணைத்துவிடு என்று யோசனை சொல்வார்கள், நான் அணைக்க மாட்டேன். பெட்டியின் மென்பொருளை அப்டேட் செய்து பார்த்து, முடியாவிட்டால் பெட்டியை மாற்றுவேன்.

வைஃபை பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 200 ஜிபியை அதில் அனுப்பாதீர்கள். திரையில் 866 என்று லிங்க் ஸ்பீடு காட்டினாலும் பாதி, மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்யும், வேகம் மறுபடி பாதி. தூரத்து அறையில் ஒருவர் பலவீனமான சிக்னலில் மெதுவாகப் பேசினால், அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவரும் காத்திருக்க வேண்டும். பிரான்ஸின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2003-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரே ஒரு மெதுவான கருவி எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் படுத்தால்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மேசையின் பிரச்னை. ஆபீஸ் முழுக்க ஒரே நேரத்தில் திணறினால் கேபிளையும் டிஸ்க்கையும் விடுங்கள், சுவிட்ச் இருக்கும் இடத்துக்குப் போங்கள். எல்லா போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தது போல் மினுக்குகிறதா? யாரோ ஒரு சுற்றுப்பாதை உண்டாக்கிவிட்டார்கள். மேசையைத் துடைத்தவர் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைப் பார்த்து, நல்ல எண்ணத்தில் அதே சுவிட்சின் காலித் துளையில் செருகியிருப்பார். ‘எல்லோருக்கும்’ என்று முகவரி போட்டுக் கிளம்பும் செய்தியை சுவிட்ச் எல்லாத் துளையிலும் நகலெடுத்து அனுப்பும். சுற்றுப்பாதையில் அது திரும்பி வரும், மறுபடி நகல், மறுபடி நகல். சில நொடிகளில் வேறு எதற்கும் இடமிருக்காது.

இதைத் தடுக்கும் வழிமுறையை ராடியா பெர்ல்மன் 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்தபோது உருவாக்கினார். ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சுற்று உண்டாக்கும் பாதையைத் தாமே அடைத்துக்கொள்ளும். பெரிய சுவிட்சுகளில் அது உண்டு, நம் மேசை மேல் இருக்கும் மலிவுப் பெட்டியில் பெரும்பாலும் கிடையாது.

அதற்கும் எல்லை உண்டு என்பதை பாஸ்டன் நகரத்தின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2002 நவம்பர் 13, புதன்கிழமை. ஓர் ஆய்வாளர் பெருந்தொகையான தரவை நெட்வொர்க்கில் ஏற்றினார். மருத்துவமனை முழுக்க கம்ப்யூட்டர்கள் இழுக்க ஆரம்பித்தன. முதலில் சந்தேகம் அந்த ஃபைல்கள் மேல்தான் விழுந்தது. ஆனால் அவை உரசிய தீக்குச்சி மட்டுமே. 1996-இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்த பிறகு, தேவைப்பட்ட போதெல்லாம் சுவிட்சுக்குப் பின்னால் சுவிட்சாக மாட்டி வளர்ந்த நெட்வொர்க் அது. ஸ்பானிங் ட்ரீ, சுவிட்ச் விட்டுச் சுவிட்ச் ஏழு தாவல்கள்வரை தாங்கும்படி அமைந்தது. அங்கே சில மூலைகள் பத்துத் தாவலைத் தொட்டிருந்தன. நெரிசலில் சுவிட்சுகள் தங்களுக்குள் பேச முடியாமல் போய், சுற்றுப்பாதைகள் திறந்துகொண்டன. சிஸ்கோ நிறுவனத்தின் பொறியாளர்கள் சாதனங்களோடு வந்து இறங்கினார்கள். நாலு நாள் அளவுக்கு மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. கம்ப்யூட்டர் இல்லாமல் மருந்துச் சீட்டு எழுதியே பழகாத இளம் மருத்துவர்கள் அன்று கையால் எழுதக் கற்றார்கள். தகவல்துறைத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மூடி மறைக்காமல் வெளியில் சொன்னதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

பத்து கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் இதற்கு சிஸ்கோ வர வேண்டாம். சுவிட்சிலிருந்து கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அமைதியாகின்றனவோ, அந்தக் கேபிளின் மறுமுனை எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனால் குற்றவாளி கிடைத்துவிடுவார். இரண்டு துளையும் கேபிளால் சுவரோடு இணைக்கப்பட்ட ஐபி போனாக அது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதே வேலையாக ஒவ்வொரு கேபிளுக்கும் இரு முனையிலும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை பாதி நேரம் மிச்சம்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பினால், கேபிளை மாற்றி, 113-ஐத் தொட்டு, அதற்கும் மேல் வேகம் வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் இனிச் செலவு. 2016-இல் தரப்படுத்தப்பட்ட 2.5 கிகாபிட் முறை, சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் நல்ல கேட்-5இ கேபிளிலேயே 100 மீட்டர்வரை ஓடும், சுவரை உடைக்க வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டருக்கும் அதற்கான கார்டு, நடுவில் அதற்கான சுவிட்ச். கணக்குப்படி 200 ஜிபி பன்னிரண்டு நிமிடத்துக்குள் போக வேண்டும். ஆனால் நொடிக்கு 280 எம்பி வரும்போது அதை வாங்கி எழுத மறுமுனையில் ஒற்றை ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், அந்தக் கார்டுக்கான பணத்தை முதலில் ஒரு நல்ல எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள்.